பெறுநர்

டிசம்பர் இரண்டாம் வாரம்
கடிதம் எனக்குத்தான் வந்தது.
பிஷ்கெக்கில், மல்யுத்தச் சங்கத்தின் மூன்றாம் மாடியில்,
வெந்நீர்க் குழாய் இருமிக்கொண்டிருந்த அறைக்கு,
என் பெயருக்கு.
இணைப்பு ஒன்று. இருபத்தாறு பக்கம். ஆங்கிலம்.
ஜனவரி ஒன்றிலிருந்து இவையெல்லாம் கூடாது என்று.

எனக்குக் கிர்கிஸ் தெரியும், ருஷ்யன் தெரியும்,
யார் யாருக்குப் பயணப்படி பாக்கி என்று தெரியும்.
ஆங்கிலத்தில் வணக்கமும் நன்றியும் தெரியும்.
கணினியில் ‘பிறகு’ என்றொரு கோப்புறை வைத்திருந்தேன்.
அதில் போட்டேன்.
புத்தாண்டுக்கு ஆரஞ்சு வாங்க வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு மாத்திரை இருந்தது.
இதயத்துக்கு நல்லதென்று
எங்கள் மருந்துக்கடைகளில்
சூயிங்கம் பக்கத்தில் வைத்து விற்பார்கள்.
சீட்டு கேட்கமாட்டார்கள்.
மீரிம் அதைப் பதினாறு வயதிலிருந்து விழுங்கினாள்,
கணவாய் வரை ஓடி இறங்கிய பின்,
ஆறிய தேநீரோடு,
எல்லோர் முன்னாலும்.

மார்ச்சில் வந்தார்கள்.
குடுவை இரண்டு, முத்திரை இரண்டு,
கழிப்பறைக் கதவு திறந்தபடி,
பார்த்துக்கொண்டே நிற்க ஒரு பெண்.
படிவத்தில் ஒரு கேள்வி:
கடந்த ஏழு நாளில் என்னென்ன உட்கொண்டீர்கள்?
மாத்திரையின் பெயரை
அவளே எழுதிக் கொடுத்தாள்,
எழுத்துப்பிழை இல்லாமல்.

விசாரணை திரையில் நடந்தது.
மூன்று முகம், மூன்று ஊர் வெளிச்சம்.
தடைசெய்தது தெரியுமா?
தெரியாது.
தெரிந்துகொள்வது உங்கள் கடமை என்றாவது தெரியுமா?
மொழிபெயர்ப்பாளர் குரல் அறுந்து அறுந்து வந்தது.
மீரிம் என் பக்கம் திரும்பினாள்.
குற்றம் சாட்ட அல்ல.
கேள்வி காதில் விழவில்லை,
நான் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.
சொன்னேன்.

இரண்டு வருடம்.

உன் உடம்பில் இருப்பதற்கு நீதான் பொறுப்பு
என்கிறது விதி.
என் கோப்புறையில் இருந்ததற்கு யார் பொறுப்பென்று
பிரிவு எதுவும் இல்லை.
அகராதியை மடியில் வைத்துக்கொண்டு
இருபத்தாறு பக்கமும் தேடிவிட்டேன்.

இப்போது இதுதான் என் வேலை.
நாரின், தலாஸ், பத்கென்,
மினிபஸ்ஸில் முழங்கால்மேல் புரொஜெக்டர்.
பட்டியலைக் கிர்கிஸில் எழுதினேன்;
பாதி வேதிப்பெயருக்கு எங்கள் வாய் கோணுகிறது.
அதனால் ஒரு கோணி நிறையக்
காலி டப்பாக்கள் கொண்டுபோகிறேன்.
விரிப்பில் கொட்டியதும் சிரிப்பார்கள்.
குதிரைப்பால் குடிக்கலாமா?
மூக்கடைப்புச் சொட்டு?
ஜிம்மில் ஒருத்தர் கொடுத்த பொடி, சிங்கம் போட்டது?
நசுங்கிய காதோடு ஒருவன் கொட்டாவி விட்டான்.
அவனுக்கு மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

இரவில் போன் மினுங்கும்.
மருந்துப் படங்கள், ஒருபக்கம் சாய்ந்து,
விரல் மறைத்து.
மீரிமும் அனுப்புகிறாள்.
தடை முடிந்து ஒன்றரை வருடம்;
விரிப்புக்குத் திரும்பவில்லை.
காரா-பல்தாவில் டயர் கடை.
இருமல் சிரப், வைட்டமின்,
அண்ணன் மகனின் கண் மருந்து.
யாரும் அவளைச் சோதிக்கப் போவதில்லை.
வணக்கம் கிடையாது. படம், அடியில் ஒரு சொல்:
சரியா?

தேடிப் பார்த்து எழுதுகிறேன்.
சரி.
சரி.
போட்டி நாளில் கூடாது.

நேற்று அனுப்பியதில் எழுத்து கலங்கியிருந்தது.
தெரியாது, என்று எழுதினேன்.
அனுப்பிய பிறகுதான் அந்தச் சொல்லைப் பார்த்தேன்.
மூன்று புள்ளிகள் துள்ளின. நின்றன.
மறுபடி துள்ளின.

வேறு படம் வந்தது,
குழல்விளக்குக்கு நேராகப் பிடித்து,
கிரீஸ் படிந்த அவள் கட்டைவிரலும் சேர்ந்து,
ஒவ்வோர் எழுத்தும் தெரியும்படி.